போர்க்கள ரேடியோவின் மறுவாழ்வு

1923-ஆம் ஆண்டில் கொழும்பு நகரின் மத்திய தந்தி அலுவலகத்தில், ஒரு சிற்றறையிலிருந்து கிராமபோன் இசைத்தட்டுகள் வானலைகளில் ஒலித்தன. அவ்வொலியை அனுப்பிய யந்திரம் விலை கொடுத்து வாங்கியதன்று. முதல் உலக யுத்தத்தில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளைக் கொண்டு, தந்தி இலாகாவைச் சேர்ந்த எஞ்சினியர்களே அதனை அமைத்துக்கொண்டனர். எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் தலைமை எஞ்சினியர் இம்முயற்சிக்கு முன்னின்றார். கப்பல்களை மூழ்கடிக்கும் உத்தரவுகளுக்காகக் காத்துக் கிடந்த கருவி, சங்கீதம் பாடத் தொடங்கிற்று. 1925 டிசம்பர் 16-ஆம் நாள் கொழும்பு நிலையம் முறைப்படி ஒலிபரப்பைத் தொடங்கியது. நமக்கு மிக அருகில் வானொலி பிறந்த கதை இவ்வாறு போர்ச் சாமான் ஒன்றின் மறுபிறப்பாகவே அமைந்தது.

வானொலியின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் நிலையங்கள் திறக்கப்பெற்ற நாட்களையும், திறந்துவைத்த பெரியோர்களின் பெயர்களையும் குறித்துவிட்டு அமைகின்றனர். யந்திரங்கள் எங்கிருந்து வந்தன, அதற்கு முன் எவர் கையில் இருந்தன, பின்னர் எங்கே சென்றன என்று அவர்கள் வினவுவதில்லை. நாம் இங்கே அவ்வினாவைத்தான் எடுத்துக்கொள்கிறோம். பழைய ராணுவ ரேடியோக் கருவிகளைச் செப்பனிட்டு மீண்டும் பேசவைக்கும் வேலை இன்று பல நாடுகளில் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. திருவனந்தபுரம் போன்ற ஊரிலிருந்து அக்கலையை நோக்கும்போது இரண்டு சிக்கல்கள் நம் எதிரே நிற்கின்றன. ஒன்று மழை. மற்றொன்று, அக்கருவிகள் யுத்தம் முடிந்த பின் நம்மவர் கையில் பெற்ற இரண்டாவது வாழ்க்கை.

திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்கென ஒரு ஒலிபரப்பு நிலையம் வேண்டுமென 1937-ஆம் ஆண்டிலேயே தீர்மானித்திருந்தது. எனினும் நிலையம் எழுவதற்குள் உலகம் யுத்தத்தில் இறங்கிவிட்டது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா 1943 மார்ச் 12-ஆம் நாள் அதனைத் திறந்துவைத்தார். அன்று சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த நாஞ்சில் நாட்டுத் தமிழருக்கும் அதுவே மிக அண்மையிலிருந்த நிலையம். 1950 ஏப்ரல் முதல் நாள் அகில இந்திய ரேடியோ அதனை ஏற்றுக்கொண்டது. திவான் ஸர் சி. பி. ராமசுவாமி ஐயர் முன்பு வாழ்ந்த பக்தி விலாஸம் என்னும் மாளிகை பின்னர் நிலையத்தின் இருப்பிடமாயிற்று.

1943-ஆம் ஆண்டில் ஒரு ரேடியோ நிலையத்தைத் திறப்பது எத்தகைய காலத்தில் நிகழ்ந்த காரியம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி, உரிமமின்றி ரேடியோக் கருவி வைத்திருப்பதே குற்றம். 1939-ல் யுத்தம் மூண்டதும், பொழுதுபோக்காகச் செய்தி அனுப்பிவந்த அமெச்சூர் ரேடியோ அன்பர்களின் உரிமங்களைச் சர்க்கார் ரத்துச் செய்தது. 1942-ல் பம்பாயில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் நடத்திய ரகசியக் காங்கிரஸ் ரேடியோ ஆகஸ்டு முதல் நவம்பர் வரைதான் உயிரோடிருந்தது. அதற்குள் போலீஸார் இடம் இடமாகத் தேடி அதனைப் பிடித்துவிட்டனர். ஒலியை வாங்கும் பெட்டி பொறுத்துக்கொள்ளத் தக்கது, ஒலியை அனுப்பும் பெட்டி அபாயமானது என்ற இந்தப் பாகுபாடு ஆட்சியாளர் மனத்தில் ஆழ்ந்து பதிந்துவிட்டது. யுத்தத்துக்குப் பின் ராணுவக் கருவிகளுக்கு நேர்ந்த கதியை விளங்கிக்கொள்ள இது பெரிதும் பயன்படும்.

இனி, அந்த ராணுவக் கருவிகளில் புகழ்பெற்ற ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பிரிட்டிஷ் ராணுவம் 19-ஆம் எண் கம்பியில்லாக் கருவி என்று பெயரிட்ட பெட்டி அது. கேம்பிரிட்ஜ் நகரத்துப் பை கம்பெனியார் 1940, 1941-ஆம் ஆண்டுகளில் டாங்குகளுக்காக அதனை வகுத்தனர். பெட்டி மட்டும் ஏறத்தாழ 40 பவுண்டு எடை. அதனுள் பதினைந்து வால்வுகள். ஒரே பெட்டியில் மூன்று வேலைகள் அடங்கியிருந்தன. ஏ பகுதி, 2 முதல் 8 மெகாசைக்கிள் வரை சிற்றலையில், பல மைல்களுக்கு அப்பாலுள்ள தலைமையிடத்தோடு பேசுவதற்கு. பி பகுதி, 230 மெகாசைக்கிளை ஒட்டிய மிக நுண்ணிய அலையில், ஒரு மைல் எல்லைக்குள் செல்லும் அடுத்த டாங்கோடு பேசுவதற்கு. அவ்வலை அதிக தூரம் செல்லாமையே அதன் சிறப்பு, ஏனெனில் பகைவன் காதுக்கும் அது எட்டாது. மூன்றாவது, டாங்கின் பேரிரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேளாத நிலையில், உள்ளே இருக்கும் வீரர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஒரு சுழல் யந்திரம் 275 வோல்ட்டும் 500 வோல்ட்டும் உற்பத்தி செய்து வால்வுகளுக்கு ஊட்டிற்று.

இக்கருவி இங்கிலாந்தில் மட்டுமன்றி கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. அவற்றுள் ஒரு பகுதி சோவியத் படைகளுக்குச் செல்ல வேண்டியிருந்தமையால், முகப்பில் ஒவ்வொரு திருகின் அருகிலும் ஆங்கிலத்தோடு ருஷ்ய மொழியிலும் பெயர் பொறிக்கப்பட்டது. அவ்விருமொழிப் பெட்டிகளே உலகெங்கும் பரவி இன்றும் சேகரிப்போர் கைகளில் காணப்படுகின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அம்முகப்பைக் காணுந்தோறும் ஓர் எண்ணம் எழும். இதே கருவியைக் கையாண்ட இந்தியச் சிப்பாய்கள் தொகையில் சிறியவர்களல்லர். ஆயினும் அவர்களுடைய மொழிகளுள் ஒன்றுகூட அப்பெட்டியின் மீது இடம்பெறவில்லை. ரோமன் எழுத்தில் எழுதிய உருதுவே அக்கால இந்திய ராணுவத்தின் பாடமொழி. அதைக் கற்று, அதன் வழியாக ஆங்கிலக் கலைச்சொல்லை விளங்கிக்கொண்டு, இருளில் தடவிப் பார்த்தே எத்திருகு எதற்கென்று அறியும் அளவுக்கு நம் சிப்பாய்கள் பயின்றனர்.

கருவிகள் கீழ்த்திசைப் போர்முனைக்கு வந்தபோதுதான் புதியதொரு பகைவன் எதிர்ப்பட்டான். பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் குண்டு படாமலே ரேடியோக்கள் ஊமையாயின. காற்றின் ஈரம் மெழுகுக் காகிதத்தை ஊடுருவியது. மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருள்களில் களிம்பேறிக் கம்பி அறுந்தது. ஜப்பானியனைக் காட்டிலும் பூஞ்சணம் சுறுசுறுப்பாக வேலை செய்தது. யுத்தத்தின் பிற்பகுதியில் வந்த கருவிகளுக்குள்ளே பூஞ்சைக்கொல்லி நஞ்சு கலந்த வார்னிஷ் ஒன்றைத் தெளித்து அனுப்பினர். பொன்னிறமாகப் பளபளக்கும் அந்தப் பூச்சை இன்றும் காணலாம். வெப்ப நாட்டுக்கு ஏற்பப் பதப்படுத்தியது என்னும் பொருளில் அப்பெட்டிகளின் மீது ஒரு முத்திரையும் இருக்கும். அந்த நஞ்சின் வீரியம் முற்றும் போய்விட்டது என்று எண்ணிவிடலாகாது. அதன் மீது சூட்டுக்கோலை வைக்கும்போது எழும் புகையை மூச்சில் இழுக்காதிருத்தல் நலம்.

1945-ல் யுத்தம் முடிந்தது. இந்தியாவில் குவிந்து கிடந்த பொருள்களுக்குக் கணக்கில்லை. அமெரிக்கர் விட்டுச்சென்ற உபரிச் சாமான்கள் 1946-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி இந்திய சர்க்காரிடம் வந்தன. பிரிட்டிஷாரின் விமானப் படையோ, கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை வேண்டுமென்றே சேதப்படுத்திக் குப்பையாக நிறுத்திவிட்டுச் சென்றது. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் அக்குப்பையிலிருந்து சுமார் நாற்பது விமானங்களைச் செப்பனிட்டுப் பறக்கச் செய்தனர். நம் விமானப் படையில் அவை 1968-ஆம் ஆண்டின் இறுதி வரை பணிபுரிந்தன. செப்பனிடும் கலையைப் பற்றிப் பேசுகையில் இதனைச் சொல்லாமல் விடுவதற்கு நமக்கு மனமில்லை. அழகுக்காகவோ, ஞாபகார்த்தமாகவோ அவர்கள் அதனைச் செய்யவில்லை; புதியது வாங்க வழியின்றிச் செய்தனர். நம் நாட்டில் செப்பனிடுதல் என்பது வெகுகாலம் வறுமையின் பிள்ளையாகவே இருந்தது.

கடலுக்கு அப்பாலும் இதே கதை பெரிய அளவில் நடந்தது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைகளுக்காகக் கொழும்பிலிருந்து ரேடியோ ஸீயாக் என்னும் ஒலிபரப்பு நடந்துவந்தது. தாய்நாட்டை விட்டு வந்த பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பாட்டும் செய்தியும் தருவது அதன் பணி. அதற்காக ஏக்கலை என்னுமிடத்தில் 100 கிலோவாட் ஆற்றலுள்ள சிற்றலை யந்திரம் ஒன்றை நிறுவினர். அது முழு வலிமையுடன் பேசத் தொடங்கியபோது யுத்தமே முடிந்துவிட்டது. வீரர்கள் கப்பலேறிய பின், 1949-ல் அந்த யந்திரம் இலங்கை அரசின் வசமாயிற்று. மறு ஆண்டில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலைக் கேட்கத் தமிழ்நாட்டிலும் திருவிதாங்கூர் நாட்டிலும் எத்தனை வீடுகளில் ரேடியோவின் முள் மாலைதோறும் சிற்றலைப் பக்கம் திரும்பிற்று என்பதை அக்காலத்தவர் அறிவர். 1952-ல் அகில இந்திய ரேடியோ சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்ததும் கொழும்புக்கு நேயர்கள் பெருகினர். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதனை இப்பக்கங்களில் எழுதுவது சிலருக்குச் சிரிப்பூட்டலாம். சரித்திரம் என்னவோ அதுதான்: படைவீரருக்காக நட்ட ஏரியல் கம்பங்களின் வழியாகத் தமிழ்ச் சினிமாப் பாட்டுகள் பரவின.

பெரிய யந்திரங்கள் சர்க்கார்களின் கைக்குப் போயின. சிறிய பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. டிஸ்போஸல்ஸ் என்று வழங்கிய அச்சாமான்கள் சென்னை மூர் மார்க்கெட், பம்பாய் சோர் பஜார் முதலிய பழைய சாமான் கடைத்தெருக்களில் வந்து குவிந்தன. அவற்றை வாங்கியோர் பலதரத்தினர். ரேடியோப் பழுதுபார்ப்போர் வால்வுகளுக்காகவும் கண்டென்ஸர்களுக்காகவும் வாங்கினர். 19-ஆம் எண் கருவியின் 807 என்னும் வால்வு, செய்தி அனுப்புவதற்கு மட்டுமன்றி ஒலிபெருக்கி யந்திரம் கட்டுவதற்கும் உதவும். ஆதலின் அதற்காகவே பெட்டியை வாங்கி மற்றதைப் பழைய இரும்போடு சேர்த்தவர்களும் உண்டு. கல்லூரிச் சோதனைச்சாலைகளுக்குச் சில சென்றன. அமெச்சூர் ரேடியோ அன்பர்களுக்கு, யுத்தத்துக்குப் பின் உரிமங்கள் மீண்டும் கிடைக்கத் தொடங்கியபோது, இக்கருவிகளே பொக்கிஷமாயின. 1948 மே 15-ஆம் நாள் மவ் நகரத்து ராணுவச் சிக்னல் பள்ளியில் இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கம் தோன்றியது. அது பிறந்த இடமே, ராணுவக் கருவிக்கும் பொழுதுபோக்குக்கும் இருந்த உறவைக் காட்டும். வெளிநாட்டிலிருந்து புதுக்கருவி தருவிப்பது அக்காலத்தில் எளிதன்று. யுத்தம் விட்டுச்சென்ற பெட்டியே பலருக்கு முதற் பாடசாலையாயிற்று.

திருவனந்தபுரத்தில் ஓர் அன்பரிடம் அத்தகைய 19-ஆம் எண் பெட்டி ஒன்றை நாம் கண்டோம். கனடாவில் செய்தது, ஆங்கிலமும் ருஷ்யமும் எழுதியது. முகப்பில் பி பகுதியின் திருகுகள் இருக்கவேண்டிய இடத்தில், மண்ணெண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய தகடு ஒன்று நான்கு ஆணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. உள்ளே பி பகுதியே இல்லை. அவ்விடத்தில் வீட்டு ரேடியோ ஒன்றின் டிரான்ஸ்பார்மரை யாரோ அமர்த்தி, வீட்டு மின்சாரத்திலேயே ஓடும்படி செய்திருக்கிறார். செய்தி அனுப்பும் 807 வால்வின் கூடு காலியாக இருந்தது; அதற்குச் சென்ற கம்பிகள் ஒழுங்காக வெட்டப்பட்டு, நுனிகள் துணி நாடாவால் சுற்றப்பட்டிருந்தன. அடித்தட்டின் உட்புறத்தில், வால்வுகளின் கால்களை ஒட்டி, பென்சிலால் மலையாள எழுத்தில் வோல்ட் அளவுகள் குறிக்கப்பட்டிருந்தன. எழுதியவர் இன்னாரென்று அறிய வழியில்லை. கையெழுத்து அழகாயிருந்தது.

இப்பெட்டியை என்ன செய்வது? இதுதான் செப்பனிடுவோர் எல்லோரையும் எதிர்கொள்ளும் கேள்வி. அதற்கு விடை கூறுமுன், செப்பனிடும் வேலையின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளவேண்டும்.

எண்பது ஆண்டுப் பழமையுள்ள பெட்டியைக் கைக்கு வந்தவுடனே மின்சாரத்தில் மாட்டிப் பார்க்கும் ஆவல் எவருக்கும் உண்டாகும். அதைப்போல அதற்குக் கேடு செய்வது வேறொன்றில்லை. முதல் வேலை உலர்த்துதல். திருவனந்தபுரத்தில் இடவப்பாதி, துலாவர்ஷம் என இரு பருவத்திலும் மழை பொழிகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். குளிர்நாட்டு நூல்களில் இரண்டு நாள் வெதுவெதுப்பான அலமாரியில் வைத்தால் போதும் என்று எழுதியிருப்பது இவ்வூருக்குப் பொருந்தாது. மரப்பெட்டி ஒன்றினுள் சாதாரண மின்விளக்கை எரியவிட்டு, அதன் சூட்டில் இரண்டு வாரமேனும் கருவியை வைத்திருப்பது வழக்கம். ஜனவரி, பிப்ரவரி மாதங்களே இதற்கு உகந்தவை. டிரான்ஸ்பார்மர், கம்பிச் சுருள் ஆகியவற்றின் காப்புத்திறனை மெக்கர் என்னும் கருவியால் அன்றாடம் அளந்து ஒரு தாளில் குறித்துவந்தால், நாளுக்கு நாள் எண் ஏறுவதைக் காணலாம். எண் ஏறுவது நின்ற பிறகே மேலே செல்லவேண்டும்.

அடுத்தவை கண்டென்ஸர்கள். மெழுகில் தோய்ந்த காகிதத்தையும் உலோகத்தாளையும் சுருட்டிக் குழலில் அடைத்தவை அவை. நேர் மின்சாரத்தைத் தடுத்து, ஒலியின் அதிர்வை மட்டும் அடுத்த வால்வுக்கு விடுவது அவற்றின் கடமை. ஈரம் புகுந்தால் தடுக்கவேண்டியது கசியும். கசிந்தால் அடுத்த வால்வு தன் அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுத்துச் செந்தணலாகி மாளும். அதோடு அதற்கு உணவூட்டும் டிரான்ஸ்பார்மரையும் உடனழைத்துச் செல்லும். ஒரு கண்டென்ஸரின் கசிவால் மாற்றக் கிடைக்காத உறுப்பை இழப்பது இவ்வாறுதான். கரியால் செய்த மின்தடைகள் காலப்போக்கில் தம் மதிப்பில் ஏறிவிடும். மேலே வரைந்த வண்ணப்பட்டை ஓர் எண்ணைக் கூற, அளவுகருவி வேறோர் எண்ணைக் கூறும். ரப்பர் உறையிட்ட கம்பிகளோ தொட்டால் முறுக்குப் போல நொறுங்கும். 19-ஆம் எண் கருவியில் இது பெரிய தொல்லை. சுழல் யந்திரத்தின் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கும். அதன் உராய்வெண்ணெய் இறுகிப் பிசினாகியிருக்கும்.

இவற்றையெல்லாம் பார்த்த பின்னரே மின்சாரம். அதுவும் ஒரேயடியாக அன்று. வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெட்டியானால், தொழிலாளர் சீரீஸ் விளக்கு என்று கூறும் எளிய தந்திரம் உதவும். மின்சாரம் கருவிக்குள் செல்லும் வழியில் ஒரு விளக்கையும் கோத்துவிட்டால், கருவியில் எங்கேனும் குறுக்கிணைப்பு இருப்பின் விளக்குப் பளிச்சென்று எரிந்து எச்சரிக்கும். குற்றமில்லையெனில் சற்று எரிந்து மங்கும். விளக்கு மங்குவதைப் பார்த்து மகிழாத ரேடியோத் தொழிலாளர் இல்லை. 500 வோல்ட் ஓடும் இடத்தில் ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மறு கையால் வேலை செய்யவேண்டும் என்பது பழைய விதி. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்ஸர்கள் அதனைத் தேக்கி வைத்திருந்து தாக்கும்.

வால்வுகள் கிடைப்பது பலர் நினைப்பதைவிட எளிது. பெங்களூரில் 1954-ல் அமைந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளைச் செய்தது. 1964-ல் அகில இந்திய ரேடியோவுக்கு ஒலிபரப்பு யந்திரங்களும் செய்து கொடுத்தது. ராணுவத்துக்காகத் தோன்றிய தொழிற்சாலை வானொலிக்கு யந்திரம் செய்தமை, கொழும்பு நீர்மூழ்கிக் கதையின் மற்றொரு வடிவமே. அதன் வால்வுகள் பெட்டி பிரிக்கப்படாமல் இன்னும் சிற்சில கடைகளில் கிடைக்கின்றன.

இப்போது நாம் நிறுத்திய கேள்விக்கு வருவோம். மேல்நாட்டுச் சேகரிப்பாளரில் ஒரு சாரார், கருவி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எவ்வாறிருந்ததோ அவ்வாறே ஆக்கவேண்டும் என்பர். இவர்கள் தேர்ந்த கைகாரர்கள். கெட்டுப்போன கண்டென்ஸரின் குழலைச் சூடாக்கி, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, புதிய சிறிய கண்டென்ஸரை உள்ளே வைத்து, பழைய மெழுகை உருக்கி வாயை மூடிவிடுவர். வெளிப்பார்வைக்கு 1943, உள்ளே இன்றைய சரக்கு. இதில் நமக்குக் குறை கூற ஒன்றுமில்லை, செய்ததை ஒரு குறிப்பில் எழுதிவைப்பார்களானால். எழுதாவிட்டால் அது பின்வருவோரை ஏமாற்றுவதாகும்.

ஆனால் திருவனந்தபுரத்துப் பெட்டியின் நிலை வேறு. அதன் டின் தகட்டையும், வீட்டு ரேடியோ டிரான்ஸ்பார்மரையும் கழற்றி எறிந்து, வெளிநாட்டிலிருந்து பி பகுதி ஒன்றைத் தருவித்துப் பொருத்தலாம். அவ்வாறு செய்தால் உலகில் இருக்கும் பல 19-ஆம் எண் பெட்டிகளோடு மேலும் ஒன்று சேரும். அழிவது என்ன என்று பார்க்கவேண்டும். 230 மெகாசைக்கிள் பகுதி இங்கே எவருக்கும் பயனற்றது என்று கண்டு அதை எடுத்தவனுடைய அறிவு அழியும். பாட்டரி வாங்கக் காசில்லாமல் வீட்டு மின்சாரத்துக்கு மாற்றியவனுடைய சிக்கனம் அழியும். வெட்டிச் சுற்றிய 807 கம்பிகளில் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சுவடு இருக்கிறது: அனுப்புவது குற்றம், கேட்பது குற்றமன்று என்று அறிந்து, போலீஸ் வந்து பார்த்தால் காட்டுவதற்காகவே நேர்த்தியாக வெட்டிய வெட்டு அது என்று நாம் கருதுகிறோம். பென்சில் எழுத்தையோ சொல்லவே வேண்டியதில்லை.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர்கள் நமக்கு ஒரு வழி காட்டியிருக்கின்றனர். மூலபாடம் இதுதான் என்று துணிந்தபின்னும் அவர்கள் பாடபேதங்களைக் கிழித்தெறியவில்லை; அடியில் குறித்துவைத்தனர். ஏடெழுதியவன் செய்த மாற்றமும் அந்நூல் எவ்வெவ்வூரில் எவ்வெவ்வாறு படிக்கப்பட்டது என்பதற்குச் சான்றன்றோ? ஒரு கருவியில் நம் ஊர்க்காரர் செய்த மாற்றங்களும் பாடபேதங்களே. கோயில் திருப்பணி என்ற பெயரால் பழைய சித்திரத்தின் மீது சுண்ணாம்பு அடித்து, கல்வெட்டைச் சுரண்டி மெருகேற்றியதன் பலனை நாம் கண்டிருக்கிறோம். புதுப்பித்தவர்கள் தீய எண்ணத்தினர் அல்லர். கோயிலைப் புதிதாகக் காண விரும்பினார்கள், அவ்வளவுதான்.

மறுபக்க நியாயத்தையும் மறைக்கக்கூடாது. பெரும்பாலான பெட்டிகள் இவ்வாறு குடையப்பட்டுவிட்டமையால், முழு உருவில் இருப்பவை குறைந்துவருகின்றன. டாங்கினுள் மூவரும் நால்வரும் எப்படிப் பேசிக்கொண்டனர், பி பகுதி எவ்வாறு ஒலித்தது என்பதை ஒரு முழுக்கருவியைக் கொண்டுதான் அறியமுடியும். ஜபல்பூரில் சிக்னல் படையின் காட்சிசாலை இருக்கிறது; முழுக்கருவிக்கு உரிய இடம் அத்தகையதே. குடையப்பட்ட பெட்டிக்கு, குடைந்த தடங்களோடு கூடிய வாழ்வே சரித்திரம். ஆபத்தான கண்டென்ஸரை மாற்றலாம்; நொறுங்கிய ரப்பர்க் கம்பியை மாற்றியே ஆகவேண்டும். கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் காகித உறையிலிட்டு, எங்கிருந்தது, என்று எடுத்தது என எழுதி, பெட்டியினுள்ளேயே ஒரு மூலையில் கட்டிவைத்தால், நாளை வருபவர் நம் முடிவை மாற்றிக்கொள்ள வழியுண்டு. டின் தகட்டைத் தொடவேண்டாம் என்பதே அந்த அன்பருக்கு நாம் கூறியது.

இவ்வூரின் வடமேற்கே கடலோரத்தில் தும்பா இருக்கிறது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் மாலை அங்கிருந்து எழுந்த முதல் ராக்கெட், அமெரிக்கா தந்த நைக்–அப்பாச்சி. அதன் கீழடுக்காகிய நைக், பகை விமானங்களை வீழ்த்தும் ஏவுகணைக்காக ராணுவத்தார் செய்து மிகுந்துபோன மோட்டார் வகையைச் சேர்ந்தது. பிரான்ஸ் தந்த சோடியப் பொடி வானில் ஆவியாகி, அந்தியில் நெடுந்தூரம் நிறம் காட்டிற்று. ராக்கெட்டுக்கு அலுவலகமாயிருந்த புனித மேரி மக்தலீன் தேவாலயம் இன்று விண்வெளிக் காட்சிசாலையாக விளங்குகிறது. தேவாலயத்தைத் தேவாலயமாகவே நிறுத்தி, ராக்கெட்டு வேலை நடந்த கதையையும் அதனுள்ளேயே வைத்திருக்கின்றனர். முந்தியதை அழித்துப் பிந்தியதைக் காட்டவுமில்லை, பிந்தியதை நீக்கி முந்தியதை மீட்கவுமில்லை. பழைய ரேடியோவைச் செப்பனிடுவோர் ஒருமுறை அங்கே சென்று வரலாம்.

செப்பனிட்ட பெட்டி இன்று எதைக் கேட்கும் என்று சிலர் வினவுவர். 19-ஆம் எண் கருவியின் 2 முதல் 8 மெகாசைக்கிள் எல்லைக்குள், இப்போது மெகாஹெர்ட்ஸ் என வழங்குகிறோம், 7 முதல் 7.2 வரை அமெச்சூர் ரேடியோ அன்பர்களுக்கு ஒதுக்கிய இடம் இருக்கிறது. கேட்பதற்கு மட்டுமே இணைக்கவேண்டும். அனுப்பும் பகுதியை இயக்குவதற்கு இன்றும் உரிமம் வேண்டும். மரத்திலிருந்து மரத்துக்கு இருபது மீட்டர் கம்பி ஒன்றைக் கட்டி ஏரியலாக இணைத்துக்கொள்ளலாம். மழையில்லாத காலை வேளை நல்லது. இக்கால அன்பர்கள் அனுப்பும் முறை வேறாகையால், முதலில் பேச்சு வாத்தின் கத்தலைப் போலத்தான் கேட்கும். அப்போது விசையைப் பேச்சு நிலையிலிருந்து மார்ஸ் தந்தி நிலைக்கு மாற்றி, ஹெட் டோன் என்று எழுதிய சிறு திருகை மெல்ல மெல்லத் திருப்பவேண்டும். ஓரிடத்தில் கத்தல் தெளிந்து மனிதக் குரலாகும். யாரோ ஒருவர் தம் ஊரில் மழை எப்படி என்று இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.